இருசம்மாள் குறைத்த உப்பு

எங்கள் பங்குக் கோயில் மலருக்கு, நம் ஊரில் ஒரு மனிதரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இருசம்மாளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன். எழுத ஆரம்பித்தால் என் யோக்கியதைதான் முன்னால் வந்து நிற்கிறது. சரி, வரட்டும். மறைத்து வைத்ததில் எனக்கு ஒரு நாள் தூக்கம்கூட மிச்சமாகவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து அணைக்குப் போகிற வழியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இருசம்மாள் பிறந்தது மேலே, கல்வராயன் மலையில். பதினேழு வயதில் கீழே கட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து இருபத்தைந்து வருஷம் கரும்பு வெட்டினாள். ஆம்பிளைகள் ஒரு வரிசை, அதாவது ஒரு பார், முடிப்பதற்குள் இவள் ஒன்றரை பார் முடிப்பாள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். முழங்கால் தேய்ந்த பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு அகப்பையைப் பிடித்தாள். பூமாலை மேஸ்திரியின் வெட்டுக்கூலி செட்டில் பதினாலு பேர். வெட்டு நடக்கிற மாதங்களில் அவர்களுக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சோறு, எல்லாம் இவள் கையால்தான்.

பிரமாதமான சமையல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வாய்தான் பிரமாதம். யாராவது கூழைப் பார்த்து முகம் சுளித்தால் போதும், "இன்னாடா மூஞ்சி அப்டிப் போவுது? உங்க மாமியா வூட்ல பாயசமா ஊத்துனாங்க?" என்பாள். செட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆக்கி வைத்த கூழுக்கு மேல் உப்பு கேட்க மாட்டார்கள். கேட்டால் ஆக்கினவளைக் குறை சொன்ன மாதிரி. அவள் போட்டதுதான் உப்பு. இந்த வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் எங்களைக் கவிழ்த்தது.

இப்போது என்னைப் பற்றி. நான் ஆனந்தமேரி. வீடு வீடாகப் போய் பீபி பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை. பாதி ஊர் என்னை நர்சம்மா என்று கூப்பிடும். நான் நர்ஸ் கிடையாது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவள். கூப்பிடுகிறவர்களை நான் திருத்தியதில்லை. காதுக்கு நன்றாகத்தானே இருக்கிறது.

அதைவிடப் பெரிய கர்வம் ஒன்று எனக்கு இருந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்கிற கர்வம். காந்த வளையல் போட்டால் பீபி இறங்கும், வெறும் வயிற்றில் எதையோ அரைத்துக் குடித்தால் சுகர் ஓடிப்போகும் என்று செல்போனில் எவனாவது உளறுவான். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர்களை நடுவாசலில் நிற்கவைத்துக் கிழித்துவிடுவேன். "எந்த ஆராய்ச்சில சொல்லிக்கிறாங்க, காட்டு!" என்பேன். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கண்ணாடிக்காரர். யூடியூபில் விஞ்ஞானம் பேசுகிறவர், படித்தவர். எண்ணெய் விற்கமாட்டார், பொடி விற்கமாட்டார். எந்த ஆராய்ச்சி, எத்தனை பேரை வைத்துச் செய்தது என்று திரையிலேயே போட்டுக் காட்டுவார். போலி வைத்தியர்களை அவர் கேலி செய்வதைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அவர் சொல்வதைக் கேட்கிறேன், அதனால் நானும் விவரமானவள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில்தான் நான் சறுக்கினது.

போன தை மாதம் அவர் உப்பைப் பற்றி ஒரு நிமிஷ வீடியோ போட்டார். மேஜை மேல் உப்பைக் குவித்து, ஒவ்வொரு ஸ்பூனாக அள்ளித் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு டீஸ்பூன் மட்டும் மிச்சம் வைத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான், தாண்டினால் ரத்தக் கொதிப்பு என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும் என்றார். அதை நான் என் போனில் இருந்த நாற்பத்தேழு பேருக்கு அனுப்பினேன். வெறுமனே அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. கூடவே என் குரலில் ஒரு வாய்ஸ் வேறு: "பீபி இருக்குறவங்க மட்டும் இல்ல, எல்லாரும் கேளுங்க. உப்பப் பாதியா கொறைங்க, தண்ணி ஜாஸ்தியா குடிங்க. எல்லாருக்கும் நல்லது."

கண்ணாடிக்காரர் 'எல்லாருக்கும்' என்று சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

நாற்பத்தேழு பேரில் முக்கால்வாசிப் பேர் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இருசம்மாள் மறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷனுக்கு ஐம்பது வயதில் பக்கவாதம் வந்து, மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச்சேர்ந்தார். அப்போது ஒரு டாக்டர், "உப்பைக் குறைக்கச் சொன்னேனே, கேட்டீங்களாம்மா?" என்று கேட்டாராம். "என் கையால தான மேரி ஊத்தினேன் அவருக்கு. உப்பு கம்மியா இருந்தா குடிக்க மாட்டாருன்னு அள்ளி அள்ளிப் போட்டேன்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! அப்படிப்பட்டவளிடம் போய் எல்லாருக்கும் நல்லது என்று சொன்னால் என்ன செய்வாள்? பதினாலு பேரில் ஒருத்தரும் தன் புருஷன் மாதிரிப் படுத்துவிடக்கூடாது என்று பானையில் கைவைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்தாள். மோர்ப் புளிப்பைக் கூட்டி, பச்சைமிளகாயைக் கூட்டி மறைத்தாள். செட்டுக் காசில் வாங்குகிற ஊறுகாயை நிறுத்தினாள். மாசி பாதியில், பீபி பார்க்கப் போன என்னிடம் குசுகுசுவென்று சொன்னாள்: "ரெண்டு கைப்பிடி போட்டுக்கினு இருந்தேன். இப்ப அரைக் கைப்பிடிதான். ஒருத்தனுக்கும் தெரியல!" முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் தோளில் தட்டி, "சபாஷ்க்கா, நீதான் சரியா புரிஞ்சிக்கினவ" என்றேன்.

சபாஷ் சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. செட்டில் அன்புச்செல்வன் என்று ஒருவன், முப்பத்துநாலு வயது, லோடு ஏற்றுகிறவன். தலையில் கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குகிற வேலை. முன்னே நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவன். மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டு, மூன்று வருஷம் காவடி எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டான். இது மூன்றாவது வருஷம். மாலை போட்டுவிட்டிருந்தான். மேஸ்திரி பூமாலைதான் எங்கள் ஊர்க் காவடிக்கும் குருசாமி, அவர் கையால் போட்ட மாலை. உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம் பலகையிலிருந்து இறங்கினவன் தள்ளாடினான். ஏதோ குழறினான். வாந்தியெடுத்துவிட்டு கரும்புத் தோகை மேல் விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் வாந்தியெடுத்து விழுந்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த அந்த வருஷத்துக்குப் பிறகு, கேட்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் "சாராயம்" என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நானும் ஓடினேன். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அன்புவின் பெண்சாதி கோகிலவாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வர மாட்டேன். மால போட்டுக்கினு குடிச்சிக்கிறான். இவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!" என்று கத்தினாள்.

டாக்டர் வெளியே வந்து தெளிவாகத்தான் சொன்னார். குடித்த அறிகுறி எதுவும் இல்லை, உடம்பில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது, வேர்வையில் போனதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீராகக் குடித்திருக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்றார். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் கூட வந்தவர்களுக்குப் புரியவில்லை. "பதினாலு பேரும் ஒரே பானைக் கூழத்தான் குடிச்சோம். எங்களுக்கெல்லாம் எறங்காத உப்பு இவனுக்கு மட்டும் எப்டி எறங்கும்? குடிச்சா எறங்காதா?" என்றார் பூமாலை மேஸ்திரி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவனிடம் மேஸ்திரி மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "காவடியத் தொடாத அன்பு. உனக்கும் நல்லதில்ல, ஊருக்கும் நல்லதில்ல." அவன் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். குடிகாரன் சத்தியம் என்று சிரித்தார்களாம்.

அன்றைக்கே இருசம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. "மேரி, நெசத்த சொல்லு. நான் கொறச்ச உப்பா?"

ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் யோசித்ததெல்லாம் என் வேலையைப் பற்றித்தான். விஷயம் மேலே போனால் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். நர்சம்மா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். "சேச்சே, அது இல்லக்கா. வெயிலு. நீ ஒன்னும் மனசப் போட்டு ஒளப்பிக்காத" என்றேன். என்னையே பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அந்த வீடியோவைத் தேடினேன். பழியை அவர் தலையில் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான், வேறென்ன? நான் அனுப்பியது ஒரு நிமிஷத் துண்டு. முழு வீடியோ பதினோரு நிமிஷம், அதை நான் பார்த்ததே இல்லை. கடைசி இருபது செகண்டில், கும்பிடு போட்டு முடிப்பதற்கு முன்னால், வேகமாகச் சொல்கிறார்: வெயிலில் கடுமையாக உழைக்கிறவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்கள் இழக்கிற உப்பு அதிகம். அதைத் துண்டில் சொல்லாமல் விட்டதற்கு அவர்மேல் கோபம் வந்தது, இன்னமும் இருக்கிறது. லட்சம் பேர் பார்ப்பது துண்டைத்தானே ஐயா! ஆனால் எந்த ஆராய்ச்சி, யாரை வைத்துச் செய்தது என்று ஊரைக் கேட்டுக் கிழித்த நான், இவரை மட்டும் கேட்கவில்லையே. பிடித்தவர் சொன்னால் கேள்வி கேட்க வராதா? கரும்புக் காட்டில் நிற்கிறவனும் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவனும் ஒன்றா என்று யோசிக்க எனக்குப் பெரிய படிப்பா வேண்டியிருந்தது?

இருசம்மாள் யோசித்தாள். எட்டாவதுகூடத் தாண்டாதவள்.

உத்திரத்தன்று காலை. பிள்ளையார் கோயில் முன்னால் காவடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வன் தூரத்தில், புளியமரத்தடியில், வெறும் கழுத்தோடு நின்றான். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் காவடி பார்க்கப் போவது எல்லா வருஷமும் உண்டு. நானும் நின்றேன். இருசம்மாள் கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். நடுவில் பானையை இறக்கினாள்.

"மேஸ்திரி, நீங்க கேட்டிங்களே, அவனுக்கு மட்டும் எப்டி எறங்கும்னு. நான் சொல்றேன். ரெண்டு மாசமா நான் உப்பக் கொறச்சிட்டேன். உங்க யாருக்கும் சொல்லல. நீங்கல்லாம் உங்க வூட்லருந்து கருவாடு கொண்டாந்து கடிச்சிக்கினு குடிச்சிங்க. அதுல இருந்துச்சு உப்பு. இவன் மால போட்டவன், கருவாட்டத் தொடல. இவனுக்கு உப்புன்னா என் பானையில இருந்தது மட்டுந்தான். அதையும் நான் புடுங்கிட்டேன். அவன் குடிக்கல. நான் தான் அவன சாய்ச்சேன்."

பறைக்காரர் குச்சியைத் தாழ்த்திவிட்டார்.

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது இந்த வேலைய?" என்றார் மேஸ்திரி.

இருசம்மாள் தலையைத் திருப்பினாள். கூட்டத்தில் என் கண்ணை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்திருக்க வேண்டும். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை. திறக்கவில்லை.

"செல்லுல பாத்தேன்" என்றாள் அவள்.

செட்டுப் பெண்கள் கத்தினார்கள். எங்கள் உடம்பு என்ன உன் சோதனைக்கா, கேட்டுவிட்டுச் செய்யக்கூடாதா என்று ஏசினார்கள். நியாயமான கேள்விதான். அன்புச்செல்வன் மட்டும் கிட்டே வந்து, "சொல்லிட்டுக் கொறச்சிருக்கலாமேக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குத்தான் அவள் அழுதாள், மற்ற ஏச்சுக்கெல்லாம் அழவில்லை. மேஸ்திரி ஆளை விட்டு மாலையைக் கொண்டுவரச் சொல்லி அவன் கழுத்தில் போட்டு, எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கோகிலவாணி பிள்ளையோடு காவடிக்குப் பின்னால் நடந்தாள். அவன் பேர் சுத்தமானது. பானை இருசம்மாள் கையை விட்டுப் போனது.

அதற்குப் பிறகு அவள் அந்த முழங்காலோடு நிலக்கடலை ஆயப் போனாள். நான் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு சுற்றினேன். ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். வாரம் ஒன்று போனது, இரண்டு போனது.

ஒருநாள் இருசம்மாளுக்கு பீபி பார்த்தேன். ஏறியிருந்தது.

"நான் உப்பு கம்மியாதான் போட்டுக்கணுமா மேரி?"

"ஆமாக்கா. உனக்கு அது சரி."

"அப்போ அந்த ஆளு சொன்னது பொய்யில்ல?"

"பொய்யில்லக்கா."

"பின்ன எங்க தப்பாப் போச்சு?"

எங்கே தப்பாகிப் போனது என்று எனக்குத் தெரியும். கருவியைச் சுருட்டி உறையில் போட்டேன். "வெயில்ல போற, மோர் குடிச்சிட்டுப் போ" என்றாள். உப்புப் போட்ட மோர். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

இதற்கு மேல் தாங்க முடியாமல், சித்திரை கடைசியில் ஒரு நாள் கோகிலவாணி வீட்டுக்குப் போனேன். அவள் மாமியாருக்கு சுகர் பார்க்கிற சாக்கு. பார்த்து முடித்தேன். கோகிலவாணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"கோகிலா, ஒன்னு சொல்லணும். அந்த உப்பு... இருசக்காவுக்கு சொன்னது நான்தான். எல்லாருக்கும் நல்லதுன்னு நான்தான் சொன்னேன். கொறச்சதுக்கு சபாஷும் சொன்னேன். அப்புறம் அக்கா வந்து கேட்டப்ப, உப்புனால இல்லன்னு பொய் சொன்னேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் செல்போனை எடுத்து, மேலே மேலே தள்ளி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். என் குரல் கேட்டது. தெளிவாக, கம்பீரமாக, நர்சம்மா குரல்: "எல்லாரும் கேளுங்க. உப்பப் பாதியா கொறைங்க, தண்ணி ஜாஸ்தியா குடிங்க. எல்லாருக்கும் நல்லது."

"எனக்கும் தான மேரியக்கா அனுப்பிச்சீங்க" என்றாள். "மேஸ்திரி வூட்டுக்கும் அனுப்பிச்சீங்க. உத்திரத்தன்னிக்கு சாயந்தரமே எல்லாரும் போட்டுக் கேட்டோம்."

நாற்பத்தேழு பேர். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? ஒன்றரை மாதமாக நான் பை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டிலும், கையை நீட்டி பீபி பார்த்துக்கொண்ட ஒவ்வொருவரும், தெரிந்துகொண்டேதான் நீட்டியிருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"இருசக்கா தான் வூடு வூடா வந்து சொல்லிச்சு, யாரும் மேரியக் கேக்காதீங்க, அதுவே வந்து சொல்லிடும்னு." முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு தெனமும் பாத்துக்கினு இருக்குதுக்கா அது."

அங்கிருந்து இருசம்மாள் வீட்டுக்கு நாலு வீடுதான் தள்ளி. பையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.